ஒட்டிய ஹெட்ஸ்டாக்கும் இழைத்த பிரிட்ஜும்: பழுது பார்த்த பழைய கிட்டார் ஒன்றை வாங்கிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

வாங்கியவர் என்னிடம் இரண்டு ஆண்டுகளாகக் கிட்டார் கற்றுவந்த மாணவி, முப்பதுகளில் இருப்பவர். அதுவரை அவர் வாசித்தது ஒட்டுப்பலகையில் செய்த தொடக்கநிலைக் கிட்டார். விரல்கள் தேறிவிட்டன, கருவிதான் பின்தங்கிவிட்டது. மெல்ல மீட்டினாலும் ஓங்கி மீட்டினாலும் ஒரே குரலில் பேசும் ஒன்றை வைத்துக்கொண்டு அதற்குமேல் சொல்லிக்கொடுக்க எனக்கும் வழியில்லை. ஒரே பலகையில் அறுத்த ஸ்பிரூஸ் மரத்தில் மேல்பலகை போட்ட கிட்டாருக்கு மாறிவிடுங்கள் என்று நான்தான் சொன்னேன்.

புதிதாக வாங்க அவரிடம் இருந்த பணம் போதவில்லை. செகண்ட் ஹேண்டில் தேடியபோது ஒன்று கண்ணில் பட்டது. ட்ரெட்நாட் என்னும் பெரிய உடல் அளவு, ஸ்பிரூஸ் மேல்பலகை, மஹாகனியில் நெக் (கழுத்து), ஈட்டி மரத்தில் ஃபிங்கர்போர்டும் (நெக்கின் மேல் விரல் வைக்கும் பலகை) பிரிட்ஜும் (மேல்பலகையில் ஒட்டிய, கம்பிகளின் அடிமுனையைப் பிடிக்கும் கட்டை). வயது சுமார் 25. அதே மாடலில் பழுதில்லாத பழைய கிட்டார் போகும் விலையில் பாதிக்குச் சற்று மேலே கேட்டிருந்தார்கள். காரணத்தை விளம்பரத்திலேயே எழுதியிருந்தார்கள்: ஹெட்ஸ்டாக் (நெக்கின் உச்சியில் கம்பிகளை முறுக்கும் கீகள் இருக்கும் தலைப்பகுதி) உடைந்து ஒட்டப்பட்டது.

அந்தப் பழுதை நாங்கள் ஒழுங்காகவே சோதித்தோம். இன்றுவரை அது உறுதியாக இருக்கிறது. ஆனால் அதே கிட்டாரில் யாரும் சொல்லாத இன்னொரு வேலையும் நடந்திருந்தது. பழைய கிட்டார் வாங்குகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் சோதனைகள் எல்லாவற்றிலும் அது தேறிவிட்டது. எப்படித் தேறியது என்பதைப் பதிவு செய்யவே இதை எழுதுகிறேன்.

விற்பவர் சொன்னதும் காட்டியதும்

விற்பவர் வயதில் மூத்தவர், நேர்மையானவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நடந்ததைப் படிக்கும்போது அவர் மேல் சந்தேகம் வரும். அவர் அந்தக் கிட்டாரை 11 ஆண்டுகளுக்கு முன்பு இன்னொருவரிடம் வாங்கியிருக்கிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, உறைக்குள் இருந்தபடியே நாற்காலியிலிருந்து மல்லாக்க விழுந்து, நட்டுக்கு (நெக்கும் தலையும் சேரும் இடத்தில் கம்பிகள் தங்கும் சிறு துண்டு) பின்னால் உடைந்திருக்கிறது. பட்டறையில் கொடுத்து ஒட்டி வாங்கியிருக்கிறார். உடைந்த நிலையில் எடுத்த நான்கு புகைப்படங்களையும் வைத்திருந்தார்.

“தம்பி, உடைஞ்ச இடம்தான் இப்போ இந்தக் கிட்டார்லயே உறுதியான இடம்,” என்றார்.

இது எல்லோரும் சொல்வதுதான். பாதி உண்மை. நல்ல மரப்பசையில் ஒட்டிய இணைப்பை வலிந்து உடைத்தால் பெரும்பாலும் பசை விடாது, பக்கத்து மரம்தான் பிய்யும். ஆனால் அது மரத்தின் ரேகையோடு நீளவாக்கில் ஓடும் முறிவுக்குப் பொருந்தும். குறுக்கே கரும்பை ஒடித்ததுபோல் முறிந்திருந்தால் ஒட்டுவதற்குப் பரப்பே கிடைக்காது. நார்களின் நுனியும் நுனியும் தொட்டுக்கொண்டிருக்கும், பசைக்கு அங்கே பிடிமானம் குறைவு. அப்படி முறிந்தால் பின்பக்கம் புதுப்பலகை பதித்தோ, நீளவாக்கில் கட்டை செருகியோதான் தேற்ற வேண்டும். ஆகவே “ஒட்டியாச்சா?” என்பதைவிட “எப்படி முறிந்தது?” என்பதே நான் கேட்கும் முதல் கேள்வி.

புகைப்படங்கள் அதற்குப் பதில் சொல்லின. முறிவு சாய்வாக ஏறத்தாழ 9 செ.மீ. நீளத்துக்கு ஓடியிருந்தது. சிராய்கள் சிதறாமல், இரண்டு பாதியும் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும்படி இருந்தது. ஒட்டுவதற்கு இதைவிட நல்ல முறிவு கிடைப்பது அரிது.

முதல் சந்திப்பு: ஹெட்ஸ்டாக்கைப் பார்த்த விதம்

அந்த இடம் ஏன் உடைகிறது என்பதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் சோதனை எளிது. ஹெட்ஸ்டாக் பின்னால் சாய்ந்திருக்கும். சில தயாரிப்புகளில் 14 பாகை, கிப்சன் நிறுவனக் கிட்டார்களில் பெரும்பாலும் 17 பாகை. நெக்கும் ஹெட்ஸ்டாக்கும் ஒரே கட்டையில் அறுத்தவையாக இருந்தால், சாயும் இடத்தில் மரத்தின் ரேகை குறுக்கே வெட்டுப்பட்டுவிடும். நெக்கின் உள்ளே ஓடும் டிரஸ் ராட் என்னும் உலோகத் தண்டைத் திருகும் துளையும் பல கிட்டார்களில் அங்கேதான் குடைந்திருக்கும். அதன் மேல் ஆறு கம்பிகளின் இழுவை. 12–53 கனமுள்ள கம்பிகளை (மெல்லியது 0.012 அங்குலம், தடித்தது 0.053) சுருதிக்கு ஏற்றினால் மொத்த இழுவை 70 கிலோவைத் தாண்டும். விழும்போது டியூனிங் கீகளின் எடையும் சேர்ந்து தலையைச் சாட்டைபோல் சொடுக்கும்.

கண்ணால் பார்த்ததில் நட்டுக்குக் கீழே பின்பக்கம் முடி போன்ற கோடு ஒன்று தெரிந்தது. நகத்தை வைத்து இழுத்தால் தட்டவில்லை. அறையை இருட்டாக்கி, ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புறஊதாக்கதிர் டார்ச்சை அடித்தோம். பழைய லாக்கர் பச்சையும் மஞ்சளுமாக மங்கலாக ஒளிர்ந்தது. ஒட்டிய இடத்தைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் இருண்ட திட்டு. அதாவது தேவையான இடத்தில் மட்டும் வார்னிஷைத் தொட்டிருக்கிறார்கள். நெக் முழுவதையும் சாயம் பூசி மறைத்திருந்தால் நான் அங்கேயே நின்றிருப்பேன். மறைக்க உழைத்தவர் ஒட்டவும் அதே அளவு உழைத்திருப்பார் என்று நம்ப முடியாது.

அப்புறம் கம்பிகளை முழுக்கத் தளர்த்தி, உருப்பெருக்கிக் கண்ணாடியில் கோட்டைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாக ஏற்றினோம். கோடு விரியவில்லை. ஒட்டியவரிடம் விற்பவர் தொலைபேசியில் பேசவைத்தார். மரவேலைக்கான மஞ்சள் பசை, கிளாம்ப் போட்டு ஒரு நாள் முழுக்க விட்டது, அதற்கு முன் வேறு யாரும் ஒட்ட முயலவில்லை என்றார். எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தக் கடைசிச் செய்திதான். உடனே ஒட்டும் பசையையோ எபாக்ஸியையோ யாராவது ஊற்றிப் பார்த்திருந்தால் அது மரத்துக்குள் ஊறி, பிறகு போடும் எந்தப் பசையையும் பிடிக்கவிடாது.

கம்பிகளைச் சுருதியில் வைத்து இரண்டு நாள் விடுங்கள், திரும்ப வந்து பார்க்கிறோம் என்று கேட்டுக்கொண்டோம். சம்மதித்தார். இரண்டு நாள் கழித்தும் கோடு அப்படியே இருந்தது, சுருதியும் பெரிதாக இறங்கவில்லை.

மீதிக் கிட்டாரைப் பார்த்த விதம்

இரண்டு சந்திப்பிலும் சேர்த்து ஹெட்ஸ்டாக்குக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கொடுத்தோம். மீதிக் கிட்டாருக்குக் கால் மணி நேரம். இந்த விகிதத்திலேயே தவறு தொடங்கிவிட்டது என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை, ஏனென்றால் அந்தக் கால் மணி நேரத்தில் வழக்கமான சோதனைகள் எல்லாவற்றையும் செய்தோம், எல்லாம் நன்றாகவே வந்தன.

12-வது ஃப்ரெட்டில் (ஃபிங்கர்போர்டில் குறுக்கே பதித்த உலோகக் கட்டு) கம்பியின் உயரம் தடித்த கம்பிக்கு 2.4 மி.மீ., மெல்லிய கம்பிக்கு 1.8 மி.மீ. வாசிக்க இதமான அளவு. நெக்கில் வளைவு மிக லேசாக, இருக்க வேண்டிய அளவில். நீண்ட ஸ்டீல் ஸ்கேலை ஃப்ரெட்டுகளின் மேல் படுக்கவைத்துப் பிரிட்ஜ் வரை நீட்டினால் அதன் முனை பிரிட்ஜின் மேல்முகத்தைச் சரியாகத் தொட்டது. நெக்கின் கோணம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பலரும் சொல்லும் சோதனை இது. ஸ்கேலின் முனை பிரிட்ஜின் மேல்முகத்துக்குக் கீழே போய் முட்டினால் நெக் முன்னோக்கிச் சாய்ந்துவிட்டது, பெரிய செலவு காத்திருக்கிறது என்று பொருள். பிரிட்ஜின் பள்ளத்தில் நின்று கம்பிகளைத் தாங்கும் சாடில் பிரிட்ஜுக்கு மேலே 3.5 மி.மீ. எழும்பி நின்றது, அதுவும் ஆரோக்கியமான அளவுதான். பிரிட்ஜின் பின்விளிம்பில் மெல்லிய காகிதத்தைச் செருகிப் பார்த்தோம், நுழையவில்லை. சின்னக் கண்ணாடியையும் கைபேசி விளக்கையும் வைத்து உள்ளே பார்த்ததில் பலகையைத் தாங்கும் பிரேஸ் கட்டைகள் விடவில்லை, விரிசலுக்கு ஒட்டுப்போட்ட தடமும் இல்லை.

சில சின்ன விஷயங்கள் கண்ணில் பட்டன. சாடில் நெக் பக்கமாக மிக லேசாகச் சாய்ந்திருந்தது. கம்பிகளைப் பிரிட்ஜில் இறுக்கிப் பிடிக்கும் பின்களின் தலைகள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றன. தடித்த கம்பிகள் 12-வது ஃப்ரெட்டில் 5 சென்ட் அளவு ஏறி ஒலித்தன. (அரைச்சுருதி ஒன்றை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு சென்ட்.) சாடில் லூஸாக இருக்கும், பின்களை மாற்றியிருப்பார்கள், கம்பி பழசு. ஒவ்வொன்றுக்கும் நானே தனித்தனியாக ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். எந்தக் காரணமும் தப்பில்லை. மூன்றும் ஒரே பிரிட்ஜைச் சுற்றியே நிற்கின்றன என்பதை மட்டும் சேர்த்துப் பார்க்கவில்லை.

வாங்கும் முடிவு

மாணவி வாசித்துப் பார்த்தார். குரல் இனிமையாக இருந்தது, கொஞ்சம் அடக்கமாகவும் இருந்தது. ட்ரெட்நாட் அளவுக்கு இன்னும் முழக்கம் வரலாமே என்று எனக்குத் தோன்றியது. பழைய கம்பிகள் என்று அதையும் ஒதுக்கிவிட்டேன். இந்த நிகழ்வில் நான் மிகவும் வருந்துவது இதற்காகத்தான். முப்பது ஆண்டுகளாகக் கேட்டுப் பழகிய காது ஒன்றைச் சொல்கிறது, நான் அளவுகோலை நம்பிவிட்டேன்.

வாங்கலாம் என்று முடிவு செய்ததற்கு மூன்று காரணங்கள். முறிவு நல்ல வகை, ஒட்டு நேர்த்தி, பசை சரியானது. அளவுகள் எல்லாம் சரி. விற்பவர் எதையும் மறைக்கவில்லை. மூன்றாவது காரணம் மற்ற இரண்டுக்கும் அதிக எடை கொடுத்துவிட்டது. பெரிய குறையைத் தானாகவே சொல்கிறவர் சின்னக் குறைகளையும் சொல்லிவிடுவார் என்று மனம் கணக்குப் போடுகிறது. அவருக்கே தெரியாத குறையை அவரால் எப்படிச் சொல்ல முடியும்?

பேசி முடித்து, பழுதில்லாத கிட்டாரின் விலையில் சரிபாதிக்கு வாங்கினோம். ஒட்டிய ஹெட்ஸ்டாக் உள்ள கிட்டாருக்கு அது நியாயமான விலைதான்.

நான்காவது மாதம்

முதல் மூன்று மாதம் பிரச்சினை இல்லை. புதுக்கம்பி போட்டார், நாள்தோறும் வாசித்தார். ஈரப்பதம் 45-லிருந்து 55 விழுக்காட்டுக்குள் இருக்கும்படி பெட்டிக்குள் அளவியும் ஈரப்பையும் வைத்துக் கவனமாகப் பார்த்துக்கொண்டார்.

நான்காவது மாதம் ஒரு வகுப்பில், “சார், மேல போகப் போக கார்டு சேர மாட்டேங்குது” என்றார். டியூனரை வைத்துப் பார்த்தால் 12-வது ஃப்ரெட்டில் 8 சென்ட் ஏறியிருந்தது, அதுவும் புதுக்கம்பியில். சாடில் இப்போது வெறுங்கண்ணுக்கே தெரியும்படி முன்னால் சாய்ந்திருந்தது. விளக்கை வைத்துப் பார்த்தபோது சாடில் உட்காரும் பள்ளத்தின் முன்சுவர் நெடுக ஒரு வெடிப்பு.

கம்பிகளை உடனே தளர்த்தச் சொன்னேன். வெடிப்பில் நாமே பசை விட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இந்த ஒரு முடிவாவது சரியாக இருந்தது. அங்கே பசை ஊறியிருந்தால், கழற்றிச் சரிசெய்ய வேண்டிய இடம் கழற்ற முடியாததாக ஆகியிருக்கும்.

பட்டறையில் தெரிந்தது

கிட்டாரைப் பட்டறைக்கு எடுத்துப்போனோம். பட்டறைக்காரர் ஹெட்ஸ்டாக்கைத் தொடவே இல்லை. சின்ன ஸ்கேல் ஒன்றைப் பிரிட்ஜுக்கு முன்னால் மேல்பலகையின் மீது நிற்கவைத்து, கம்பிக்கும் பலகைக்கும் உள்ள உயரத்தை அளந்தார். 9.5 மி.மீ.

“பிரிட்ஜை யாரோ இழைச்சிருக்காங்க,” என்றார்.

எஃகுக் கம்பி போட்ட கிட்டாரில் அந்த உயரம் பொதுவாக 12-லிருந்து 13 மி.மீ. இருக்கும், அதாவது அரை அங்குலம். பிரிட்ஜின் நடுப்பகுதி ஏறத்தாழ 9 மி.மீ. கனமாக இருக்க வேண்டும். இதில் 6 மி.மீ.தான் மிச்சம். 3 மி.மீ. மரத்தை மேலிருந்து சீவி, உப்புத்தாள் போட்டு, எண்ணெய் தடவி முடித்திருக்கிறார்கள். நேர்த்தியான கைவேலை, அதனால்தான் வேலை நடந்ததே தெரியவில்லை. விற்றவர் வாங்குவதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவரிடம் இருந்த மிகப் பழைய படத்திலும் பிரிட்ஜ் இப்படியே இருந்தது.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? கிட்டார் வயதாக வயதாகக் கம்பிகளின் இழுவையில் உடற்பெட்டி கொஞ்சம் கொஞ்சமாக மடிகிறது. பிரிட்ஜுக்குப் பின்னால் மேல்பலகை தொப்பை போடுகிறது, நெக் பொருந்தியிருக்கும் கட்டை முன்னோக்கி உருள்கிறது. நெக் தன்னளவில் நேராகத்தான் இருக்கும், உடலோடு சேரும் கோணம்தான் மாறியிருக்கும். கம்பி உயர்ந்து வாசிக்க வலிக்கும். இதை டிரஸ் ராடைத் திருகிச் சரிசெய்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். டிரஸ் ராட் நெக்கின் வளைவை மட்டுமே மாற்றும், உடலோடு சேரும் கோணத்தை அது தொடாது. மார்ட்டின் கிட்டார்களில் திருகிச் சரிசெய்யும் டிரஸ் ராட் 1985-ல்தான் வந்தது. அது இல்லாத பழைய மார்ட்டின்களுக்கும் உள்ள மார்ட்டின்களுக்கும் வயதானால் தேவைப்படும் மருத்துவம் ஒன்றுதான்: நெக்கைக் கழற்றி, கோணத்தைத் திருத்தி, மறுபடி மாட்டுவது. நெக் ரீசெட் என்பார்கள்.

அதற்குச் செலவு அதிகம். ஆகவே முதலில் சாடிலைத் தேய்க்கிறார்கள். 12-வது ஃப்ரெட்டில் 1 மி.மீ. இறக்க சாடிலில் 2 மி.மீ. போக வேண்டும். சாடில் தீர்ந்த பிறகு பிரிட்ஜையே சீவுகிறார்கள். சீவிய பிறகு எல்லா அளவும் மறுபடி “சரியாக” வந்துவிடும். பிரிட்ஜின் மேல்முகம் கீழே இறங்கிவிட்டதால் ஸ்கேல் அதைத் தொடும். சாடில் மறுபடி எடுப்பாக வெளியே தெரியும். ஆக்‌ஷனும், அதாவது ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரமும், இதமாக இருக்கும். எங்கள் மூன்று சோதனைகளும் பிரிட்ஜின் மேல்முகத்தை அடிப்படையாக வைத்தவை. அந்த அடிப்படையே கீழே போயிருந்தது.

இதற்குப் பலியானது பிரிட்ஜ். கனம் குறைந்ததால் சாடில் பள்ளத்தின் ஆழம் இரண்டரை மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிட்டது. வெளியே 3.5, உள்ளே 2.5. பாதிக்குமேல் மண்ணுக்கு வெளியே இருக்கும் கம்பம் எப்படிச் சாயுமோ அப்படிச் சாடில் சாய்ந்து, முன்சுவரை நெம்பிப் பிளந்துவிட்டது. சாய்ந்ததால் கம்பியின் நீளம் குறைந்தது, அதனால் சுருதி ஏறியது. பின்களின் துளை மேலே அகன்று கீழே குறுகும். மேல்பகுதியைச் சீவினால் வாய் குறுகும், பின்கள் தூக்கி நிற்கும். கம்பி பலகைக்கு நெருங்கி வந்ததால் பலகையை அசைக்கும் நெம்புவிசையும் குறைந்தது. நான் கேட்ட அந்த அடக்கமான குரலுக்கு இதுதான் காரணம்.

நான் தனித்தனியாகக் காரணம் சொல்லி ஒதுக்கிய நான்குக்கும் ஒரே காரணம். அதை ஐந்து நிமிடத்தில் ஒருவர் சொல்லி முடித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

எடுக்கவேண்டிய முடிவு

மெல்லிய பிரிட்ஜையே ஒட்டிச் சமாளிக்கலாம், செலவு குறைவு, ஆனால் ஒரு வருடத்தில் மறுபடி வெடிக்கும். முழுக்கனத்தில் புதுப்பிரிட்ஜ் மட்டும் போடலாம், ஆனால் ஆக்‌ஷன் வாசிக்க முடியாத உயரத்துக்குப் போய்விடும். முழுக்கனப் பிரிட்ஜோடு நெக் ரீசெட்டும் செய்தால் வேலை முழுமையாகும். அதற்குக் கிட்டார் வாங்கிய விலையில் பாதியைவிடச் சற்றுக் குறைவாகச் செலவாகும் என்றார்.

விற்றவருக்கு மாணவி தகவல் சொன்னார். குற்றம் சாட்டவில்லை, நடந்ததை மட்டும் சொன்னார். அவர் உண்மையிலேயே ஆடிப்போய்விட்டார். கிட்டாரைத் திரும்பக் கொடுத்தால் முழுப்பணத்தையும் தருகிறேன் என்றார். யாரும் கேட்காமலே சொன்னார்.

திரும்பக் கொடுத்துவிடுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. ஹெட்ஸ்டாக் ஒட்டிய கிட்டாருக்கு எவ்வளவு செலவழித்தாலும் விற்கும்போது அந்தப் பாதி விலைதான் கிடைக்கும். அதில் மேலும் பணம் போடுவது கணக்குக்கு ஒத்துவராது.

மாணவி ஒரு வாரம் எடுத்துக்கொண்டு வேறு முடிவுக்கு வந்தார். பட்டறைக்காரர் சொன்ன ஒரு வாதம் அவர் மனதில் தங்கிவிட்டது: பழுதே இல்லாமல் முழு விலைக்கு வாங்கும் 25 வயதுக் கிட்டாருக்கும் நெக் ரீசெட் இன்றைக்கோ நாளைக்கோ தேவைப்படலாம், இதில் அது முடிந்துவிடும். பாதி விலை, அதோடு இந்தச் செலவு, இரண்டையும் கூட்டினால் பழுதில்லாததன் விலையில் முக்கால் பங்குக்கு உள்ளேதான் வருகிறது. “நான் விக்கறதுக்கு வாங்கல சார்,” என்றார். விற்றவர் ரீசெட் செலவில் கால் பங்கை ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். அதை மட்டும் வாங்கிக்கொண்டார்.

என் கணக்கில் இப்போதும் பிழை இல்லை என்றே நினைக்கிறேன். அவர் போட்டது வேறு கணக்கு, அதுவும் சரிதான்.

நெக்கைக் கழற்றி மாட்டியது

நெக் உடலோடு புறாவால் வடிவப் பொருத்தில் ஒட்டப்பட்டிருந்தது. திருகாணியில் நிற்கும் நெக்காக இருந்தால் வேலை மிக எளிது. டெய்லர் நிறுவனம் 1999-ல் கொண்டுவந்த நெக்கில், கனம் மாறுபட்ட தகடுகளை மாற்றியே கோணத்தைச் சரிசெய்துவிடலாம். இதில் ஆவி பிடிக்க வேண்டும். 15-வது ஃப்ரெட்டைப் பிடுங்கி, அந்தப் பள்ளத்தில் மெல்லிய துளை போட்டு, பிரஷர் குக்கரிலிருந்து வரும் குழாயின் ஊசியை உள்ளே விட்டு, பசை இளகும்வரை ஆவியைச் செலுத்தினார். ஒட்டிய ஹெட்ஸ்டாக்குக்குச் சூடு போய்ச் சேருமோ என்று எனக்குப் பயம், ஏனென்றால் மரப்பசை சூட்டில் இளகக்கூடியது. வெயிலில் நிறுத்திய காருக்குள் கிட்டாரை விடக்கூடாது என்று சொல்வதும் இதனால்தான். ஆவி போகும் இடத்திலிருந்து நட் 35 செ.மீ. தள்ளி இருக்கிறது, கம்பியும் இல்லை, இழுவையும் இல்லை என்று விளக்கினார். அப்படியே ஆயிற்று, ஒட்டு அசையவில்லை.

நெக் கழன்று வந்த பிறகு, உடலில் படியும் குதிப்பகுதியின் அடிப்பக்கத்தைச் சீவிக் கோணத்தைத் திருத்தினார். பிரிட்ஜில் 3 மி.மீ. உயர வேண்டும் என்றால் குதியின் அடியில் எவ்வளவு போக வேண்டும் தெரியுமா? ஏறத்தாழ 1 மி.மீ. அரைப் பாகைக்குச் சற்றுமேல். இவ்வளவு சின்ன மாற்றத்துக்காகத்தான் இத்தனை வேலையும். மறுபடி ஒட்ட வச்சிரத்தையே (விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் பசை) பயன்படுத்தினார், அடுத்த முறை யாராவது கழற்ற வேண்டி வந்தால் சுலபமாக விடும் என்பதற்காக. ஈட்டி மரத்தில் 9 மி.மீ. கனப் பிரிட்ஜ் புதிதாகச் செய்து, பழையது இருந்த இடத்தில் லாக்கர் இல்லாத வெறும் மரத்தின் மேல் ஒட்டினார். எலும்பில் புதுச் சாடில். ஃப்ரெட்டுகளை மட்டம் தட்டியதோடு ஐந்து வாரத்தில் வேலை முடிந்தது.

பதினான்கு மாதம் கழித்து

கம்பியின் உயரம் பலகையிலிருந்து 12.5 மி.மீ. 12-வது ஃப்ரெட்டில் 2.3-ம் 1.8-ம். முன்பு இருந்த ஆக்‌ஷனுக்கும் இதற்கும் விரலுக்கு வித்தியாசமே தெரியாது, காதுக்குத்தான் தெரிகிறது. முதல் முறை மாணவி ஈ மேஜரை அழுத்தி மீட்டியபோது பட்டறையில் வேறு வேலையில் இருந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். 25 ஆண்டுப் பலகை இப்போதுதான் முழுதாக அசைகிறது.

ஹெட்ஸ்டாக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே உருப்பெருக்கியில் பார்க்கிறோம். கோடு கோடாகவே இருக்கிறது. சாடில் நேராக நிற்கிறது, தடித்த கம்பிகள் 12-வது ஃப்ரெட்டில் 1 சென்டுக்குள் ஒலிக்கின்றன.

இனி மாற்றிச் செய்வது

சொல்லப்பட்ட பழுதைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் பிரிட்ஜ், பிறகு உடற்பெட்டி, பிறகு நெக், எல்லாம் முடிந்த பிறகே ஒட்டிய இடம். முதலில் அதைப் பார்த்தால் அது தேறிய நிம்மதியில் மற்றதைப் பார்க்கும் கண் மங்கிவிடுகிறது. எங்களுக்கு அதுதான் நடந்தது.

ஸ்கேலை ஃப்ரெட்டுகளின் மேல் வைப்பதற்கு முன்பு பலகைக்கும் கம்பிக்கும் உள்ள உயரத்தை அளப்பேன், பிரிட்ஜின் கனத்தையும் சேர்த்து. பிரிட்ஜ் முழுக்கனத்தில் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் மற்ற அளவுகளுக்கு அர்த்தம் உண்டு. மொத்தம் ஒரு நிமிட வேலை, சட்டைப்பையில் அடங்கும் ஸ்கேல் போதும். 10 மி.மீ.க்குக் கீழே வந்தால் விலை பேசுவதற்கு முன்பே பட்டறைக்கு எடுத்துப்போகக் கேட்பேன். குறைவாக இருப்பது எப்போதும் சீவியதால்தான் என்று சொல்ல முடியாது. சில கிட்டார்கள் தொடக்கத்திலிருந்தே அப்படித்தான் செய்யப்பட்டிருக்கும். ஆனால் காரணம் தெரியாமல் பணம் கொடுக்க மாட்டேன்.

கண்ணில் படும் சின்ன வினோதங்களை அந்த இடத்திலேயே ஒரே தாளில் எழுதிக்கொள்கிறேன், காரணம் எழுதாமல். சாடில் சாய்வு, பின் உயரம், சுருதி ஏற்றம், அடங்கிய குரல். அன்று இந்த நான்கையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருந்தால் பிரிட்ஜ் தானாகவே கண்ணில் பட்டிருக்கும்.

விற்பவரிடம் “என்ன பழுது பார்த்தீர்கள்?” என்பதோடு இன்னொன்றும் கேட்பேன்: “உங்களிடம் வந்தபோது இது எப்படி இருந்தது?” அவரிடம் இருக்கும் மிகப் பழைய படத்தைக் காட்டச் சொல்லி, தொழிற்சாலையிலிருந்து வந்த அதே மாடலின் படத்தோடு பிரிட்ஜை ஒப்பிட்டுப் பார்ப்பேன். எங்களுக்குப் படம் கிடைத்தது, ஆனால் ஹெட்ஸ்டாக்கை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தோம்.

புகைப்படம் கேட்டது, புறஊதாக்கதிர் விளக்கு, ஒட்டியவரிடம் பேசியது, இரண்டு நாள் சுருதியில் விட்டது, இவற்றில் எதையும் மாற்ற மாட்டேன்.

ரீசெட் முடிந்த அன்று பட்டறைக்காரர் தடித்த அட்டை ஒன்றில் எல்லாவற்றையும் எழுதிக்கொடுத்தார்: ஹெட்ஸ்டாக் முறிவின் நீளம், மஞ்சள் பசை, பிரிட்ஜ் எவ்வளவு சீவப்பட்டிருந்தது, புதுப்பிரிட்ஜின் கனம், நெக்கை ஒட்டியது வச்சிரத்தில், 15-வது ஃப்ரெட்டின் கீழே ஆவித்துளை இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் தேதி. மாணவி அதைக் கிட்டார் பெட்டியின் உட்பையில் வைத்திருக்கிறார். முறிவின் நான்கு படங்களையும் அச்செடுத்து அதன் பின்னால் ஒட்டியிருக்கிறார்.